வெளிநாட்டு வேலை முடித்து ஊருக்கு வருகிறீர்களா? வங்கிக் கணக்கையும் வரியையும் ஒழுங்குபடுத்தும் வழி

மேலப்பாளையம், கடையநல்லூர், வள்ளியூர், திசையன்விளை என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கிற ஒருவரின் வீடு இருக்கும். போகும்போது என்னென்ன பேப்பர் வேண்டும் என்று சொல்ல ஏஜென்ட் முதல் பக்கத்து வீட்டு மச்சான் வரை ஆள் உண்டு. வெளிநாட்டுச் சபர் முடித்துத் திரும்பி வருகிறவருக்குச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

எங்கள் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து திரும்பியபோது வங்கி, வரி வேலைகளை எல்லாம் நான்தான் கூட நின்று பார்த்தேன். ஒரு வங்கிக் கிளையில், "என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வச்சுக்கலாம், ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். (வெளிநாட்டில் வசிப்பவர் அங்கே சம்பாதித்ததை இந்திய வங்கியில் ரூபாயாக வைக்கும் கணக்குதான் என்.ஆர்.இ.) ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில், "அங்க இருக்கிற அக்கவுன்ட்டை உடனே குளோஸ் பண்ணணும், இல்லைன்னா கேஸ் ஆயிடும்" என்றார்கள். இரண்டுமே சரியில்லை. கவுன்ட்டருக்கு ஒரு பதில் வாங்கி அலைந்து, கடைசியில் சட்டத்தையும் படிவத்தையும் வாசித்துத்தான் தெளிவு வந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இங்கே இரண்டு சட்டங்கள் வேலை செய்கின்றன. எந்த மாதிரி கணக்கு வைத்திருக்கலாம் என்பதை ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 சொல்கிறது. எந்த வருமானத்துக்கு இங்கே வரி என்பதை வருமான வரிச் சட்டம் சொல்கிறது. இனி ஊரிலேயே இருப்பது என்று முடிவு செய்து வந்து இறங்கினால், ஃபெமாவின் கண்ணில் நீங்கள் அன்றைக்கே உள்நாட்டுவாசி. வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணித்தான் முடிவு செய்யும். பலருக்கு முழு வரி வளையத்துக்குள் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியில்தான் பணத்தை நிம்மதியாக ஒழுங்குபடுத்த முடியும். குழப்பங்கள் பிறப்பதும் இதே இடைவெளியில்தான்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்து, வெளிநாட்டில் சம்பள வேலை பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு எழுதியது இது. வருமான வரிச் சட்டம், 2025 என்ற புதுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' போய் இனி 'வரி ஆண்டு' என்ற ஒன்றே இருக்கும். பிரிவு எண்களும் மாறிவிட்டன. 2025-26 வருமானத்துக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான். அதனால் பிரிவு எண்களைப் பேசாமல் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

1. அங்கிருந்து கிளம்புமுன் வாங்கவேண்டிய பேப்பர்கள்

ஊருக்கு வந்த பிறகு வாங்க முடியாததை எல்லாம் இப்போதே வாங்குங்கள்.

முதலில், நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு வங்கிக் கணக்குக்கும் ஸ்டேட்மென்ட். குறைந்தது கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது வேண்டும். கணக்கு எந்தத் தேதியில் திறந்தது என்று தெரியும்படி வங்கியிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் இந்திய வரிப் படிவம் அந்தத் தேதியைக் கேட்கும். கிரெடிட் கார்டு, கடன் எல்லாம் முடிந்திருந்தால் பாக்கி இல்லை என்ற சான்றிதழையும் விடாதீர்கள். பல வங்கிகள் கடைசி செட்டில்மென்ட் தொகை வந்ததும், கடன் நிலுவை இருக்கிறதா என்று பார்க்கும்வரை கணக்கை முடக்கி வைக்கும். டிக்கெட் போட்ட பிறகு அது நடந்தால் பெரிய தலைவலி.

இரண்டாவது, போன் நம்பர். அங்குள்ள வங்கி ஓ.டி.பி. அனுப்புவது அந்த நாட்டு சிம்முக்கு. விசா ரத்தாகி சிம்மும் செத்துப்போனால் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு உங்கள் பணத்தை நீங்களே எடுக்க முடியாது. கிளம்புமுன் கிளைக்கே போய், இந்திய நம்பரை ஏற்பார்களா, கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், பணத்தை அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்து, முடித்ததற்கான கடிதத்தோடு வாருங்கள்.

மூன்றாவதுதான் அதிகம் பேர் கவனிக்காதது. கடைசி மாதச் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் முதலில் வெளிநாட்டுக் கணக்கில் விழட்டும்; அப்புறம் அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்புங்கள். கம்பெனியே நேராக இந்தியக் கணக்குக்கு அனுப்பினால், 'இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்' என்று அதற்கு இங்கே வரி கேட்க வழி இருக்கிறது. வெளிநாட்டில் ஒருமுறை கையில் வாங்கிய பணத்தைப் பிறகு ஊருக்கு அனுப்புவது வருமானம் ஆகாது. பணமும் பெறுபவரும் ஒன்றுதான். வந்த வழிதான் வித்தியாசம்.

கையில் வெளிநாட்டு நோட்டாகக் கொண்டுவருகிறீர்களா? நோட்டு மட்டும் 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, டிராவலர்ஸ் செக் போன்றவற்றோடு சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினாலோ, திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்கியதும் சுங்கத்தில் கரன்சி டிக்ளரேஷன் படிவம் கொடுத்துவிடுங்கள். முத்திரை போட்ட அதன் நகல் வங்கியில் உதவும்.

2. நாள் எண்ணுங்கள்

இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். பழைய பாஸ்போர்ட், புதுப் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் எடுத்து, கடைசிப் பத்து ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த நாட்களை ஏப்ரல் முதல் மார்ச் வரை ஆண்டுவாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணுவது பாதுகாப்பு. தானியங்கிக் குடியேற்ற வாயில் வழியாக வந்தால் முத்திரை விழாது. போர்டிங் பாஸையும் டிக்கெட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் வரிச் சட்டப்படி நீங்கள் உள்நாட்டுவாசி. இன்னொரு விதியும் உண்டு: அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் உள்நாட்டுவாசிதான். விடுமுறைக்கு வந்துபோகிறவர்களுக்கு அந்த 60 நாளில் சலுகை உண்டு. ஒரேயடியாகத் திரும்பி வந்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். கொரோனா காலம் போல நீண்ட நாள் ஊரில் தங்கியவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்கவேண்டும்.

உள்நாட்டுவாசி ஆனதுமே வெளிநாட்டு வருமானத்துக்கு வரி வந்துவிடாது. 'சாதாரணமாக வசிக்காத உள்நாட்டுவாசி' என்று ஓர் இடைநிலை இருக்கிறது, ஆடிட்டர்கள் ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் நீங்கள் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தால், அல்லது முந்தைய ஏழு ஆண்டுகளில் நீங்கள் இந்தியாவில் இருந்த நாட்கள் மொத்தம் 729-ஐத் தாண்டாதிருந்தால், இந்த நிலை கிடைக்கும். இரண்டில் ஒன்று போதும். இந்த நிலையில் இருக்கும்வரை வெளிநாட்டு வங்கி வட்டிக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்து விவரம் தரும் பட்டியலும் நிரப்பவேண்டாம்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2025 நவம்பர் 10 அன்று ஒரேயடியாக வந்துவிட்டார். மார்ச் 31 வரை 142 நாள். அதே ஆண்டு மே மாதம் கோயில் கொடைக்கு வந்து 45 நாள் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். மொத்தம் 187. ஆக 2025-26-லேயே உள்நாட்டுவாசி, ஆனால் இடைநிலை. 2026-27-லும் இடைநிலைதான். 2027-28-க்கு என்ன? முந்தைய ஏழு ஆண்டுகளில் 2025-26-க்கு 187, 2026-27 முழுக்க ஊரில் இருந்தால் 365, சேர்ந்து 552. மீதி ஐந்து ஆண்டு விடுமுறைகளுக்கு 177 நாள்தான் இடம் இருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 35 நாள் விடுமுறையில் வந்திருந்தால் மொத்தம் 727, மூன்றாவது ஆண்டும் சலுகை கிடைக்கும். சராசரி 36 நாள் என்றால் 732 ஆகிவிடும், சலுகை போய்விடும். வருடத்துக்கு ஒரே ஒரு நாள் ஓர் ஆண்டுச் சலுகையையே மாற்றுகிறது. அதனால்தான் சொல்கிறேன், வாய்க்கணக்குப் போடாமல் எழுதிவைத்து எண்ணுங்கள்.

இன்னும் டிக்கெட் போடவில்லை என்றால் இன்னொன்றையும் யோசிக்கலாம். நிதியாண்டின் பிற்பகுதியில் திரும்பினால் அந்த ஆண்டே வெளிநாட்டுவாசியாக முடிய வாய்ப்பு அதிகம். வீட்டில் கல்யாணமோ அம்மாவின் உடம்போ தேதியை முடிவு செய்தால் அதுதான் பெரிது. அப்படி எதுவும் இல்லாதபோது ஒரு மாதம் முன்னே பின்னே நகர்த்துவதில் தவறில்லை.

3. இங்குள்ள என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளை மாற்றுங்கள்

'இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்வது இங்கேதான். வரி விஷயத்தின் இடைநிலையை வங்கிக் கணக்கோடு குழப்பிக்கொள்வதால் வருகிற பதில் அது. திரும்பி வந்ததும் வங்கிக்குத் தெரிவித்து, என்.ஆர்.இ. கணக்கையும், வாடகை போன்ற இந்திய வருமானத்தைப் போடும் என்.ஆர்.ஓ. கணக்கையும் உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லவேண்டும்.

காரணம் வெறும் விதிமுறை மட்டும் இல்லை. என்.ஆர்.இ. டெபாசிட் வட்டிக்கு வரிவிலக்கு கிடைப்பது ஃபெமாப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரைதான். ஒரேயடியாகத் திரும்பிய பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு. இடைநிலையில் இருந்தாலும் உண்டு, ஏனென்றால் அது இந்தியாவில் சம்பாதித்த வட்டி. கணக்கின் பெயர் இன்னும் என்.ஆர்.இ. என்றே இருப்பதால் வங்கி வரி பிடிக்காது. நீங்களும் ரிட்டர்னில் காட்டமாட்டீர்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து நோட்டீஸ் வந்தால் வரியோடு அதற்கு வட்டியும் கட்டவேண்டும். ஊரில் பெரிய டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கு இதில்தான் அடி பலமாக விழும்.

என்.ஆர்.ஓ.வில் நிலைமை நேர் எதிர். அங்கே வட்டியில் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடிப்பார்கள், 31.2 சதவீதம். உள்நாட்டுக் கணக்கானதும் அது 10 சதவீதம் ஆகிவிடும். அதுவும் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான். 60 வயதுக்கு மேல் இருந்தால் வரம்பு 1,00,000. தாமதிக்கிற ஒவ்வொரு மாதமும் உங்கள் பணம் தேவையில்லாமல் ரீஃபண்டுக்குக் காத்திருக்கும்.

எஃப்.சி.என்.ஆர். என்ற வெளிநாட்டு நாணய டெபாசிட்டை உடைக்கவேண்டியதில்லை. முதிர்வுவரை அதே வட்டியில் ஓடலாம். இடைநிலை இருக்கும்வரை வட்டிக்கு வரியும் இல்லை. முதிர்ந்ததும் ரூபாயாக மாற்றலாம், அல்லது ஆர்.எஃப்.சி. கணக்கில் போடலாம். ஆர்.எஃப்.சி. என்பது திரும்பி வந்தவர்கள் இந்திய வங்கியிலேயே டாலராகவோ பவுண்டாகவோ வைத்துக்கொள்ளும் கணக்கு. என்.ஆர்.இ. பணத்தையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சேமிப்பையும் அதில் போடலாம். பிறகு வெளிநாட்டுக்கு எடுத்துப்போகத் தடை இல்லை. இடைநிலையில் அதன் வட்டிக்கும் வரி இல்லை. மகளோ மகனோ வெளியே படிக்கப் போவார்கள், நீங்களே மறுபடி போகக்கூடும் என்ற எண்ணம் இருந்தால் இதை விட்டுவிடாதீர்கள். சின்னக் கிளைகளில் "அப்படி ஒரு கணக்கே இல்லை" என்பார்கள். அந்நியச் செலாவணி பார்க்கும் பெரிய கிளை எது என்று கேட்டு அங்கே போங்கள்.

கொண்டுபோகவேண்டியவை: பாஸ்போர்ட் (வந்திறங்கிய முத்திரைப் பக்கம், விசா ரத்தான பக்கம் அல்லது அதற்கான தாள்), பான் கார்டு, ஆதார், இரண்டு போட்டோ, கையில் இருக்கும் டெபாசிட் ரசீதுகள். மனைவியோ பெற்றோரோ கூட்டுக் கணக்கில் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள், கையெழுத்து வேண்டும். எந்த நாட்டில் வரி கட்டுகிறவர் என்று உறுதிமொழிப் படிவம் ஒன்று தருவார்கள். அதில் இந்தியா என்று எழுதுங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னீர்கள், அவர்கள் மாற்றவில்லை என்று காட்ட அந்த ஒரு தாள்தான் ஆதாரம். மாற்றுவதற்குக் கட்டணம் இருக்காது. பழைய காசோலைப் புத்தகம் செல்லாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

4. பான், ஆதார், மற்றவை

வெளிநாட்டில் இருந்தவரை பான்-ஆதார் இணைப்பிலிருந்து உங்களுக்கு விலக்கு இருந்தது. இப்போது இல்லை. இணைக்காவிட்டால் பான் செயலிழக்கும்; வங்கி இரட்டிப்பாக வரி பிடிக்கும், ரீஃபண்டும் வராது. தாமத இணைப்புக்கு 1,000 ரூபாய். ஆதாரே இல்லை என்றால் செல்லுபடியாகும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஆதார் மையத்துக்குப் போங்கள். 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை, முதல் பதிவுக்குக் கட்டணமும் இல்லை. பெயர் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கத்தால் இது நிறையப் பேருக்கு இடிக்கும்.

வருமான வரி இணையதளத்தில் உங்கள் வசிப்பு நிலையையும் முகவரியையும் மாற்றுங்கள். மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் கணக்குகளிலும் கே.ஒய்.சி. நிலையை மாற்றவேண்டும்.

5. வெளிநாட்டுக் கணக்கை வைத்திருக்கலாமா?

தாராளமாக வைத்திருக்கலாம். வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்துச் சேர்த்த பணம், அங்கே வாங்கிய சொத்து ஆகியவற்றைத் திரும்பி வந்த பின்னும் தொடர்ந்து வைத்திருக்க ஃபெமாவே அனுமதிக்கிறது. கேஸ் ஆகும் என்று பயந்து, நாணய விலை குறைந்த நேரத்தில் அவசரமாகக் கொண்டுவரத் தேவையில்லை.

ஆனால் ஒளித்து வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வங்கிக் கணக்குத் தகவலை நாடுகள் தாமாகவே பரிமாறும் ஏற்பாட்டில் இந்தியா 2017-இல் பரிமாறத் தொடங்கியது. அமீரகமும் சிங்கப்பூரும் மலேசியாவும் 2018-இல் தொடங்கின. நீங்கள் வசிக்கும் நாடு இந்தியா என்று அங்குள்ள வங்கிக்குத் தெரிந்தால், கணக்கு இருப்பும் வட்டியும் இங்கே வந்து சேரும். 2024 நவம்பரில் வருமான வரித்துறை இப்படி வந்த தகவலை வைத்து, ரிட்டர்னில் காட்டாதவர்களுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியது.

ஆக முடிவு இப்படி: இடைநிலை ஆண்டுகள் முடியுமுன் அந்தக் கணக்கு உண்மையிலேயே வேண்டுமா என்று பாருங்கள். வேண்டாம் என்றால் பணத்தைக் கொண்டுவந்து முடித்துவிடுங்கள். எப்போதுக்குள்? இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, அடுத்த படியில் சொல்கிறேன்.

6. ஷெட்யூல் எஃப்.ஏ.

இடைநிலை முடிந்து முழு உள்நாட்டுவாசி ஆன ஆண்டிலிருந்து ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்.ஏ. என்ற பட்டியலை நிரப்பவேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு, இன்ஷூரன்ஸ், வீடு எல்லாம் அதில் வரும். வட்டி ஒரு பைசா வராவிட்டாலும் எழுதவேண்டும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும். அண்ணன் தம்பியின் கணக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் இருந்தாலும் அதையும் காட்டவேண்டும். ஐ.டி.ஆர்.-1, ஐ.டி.ஆர்.-4 என்ற ரிட்டர்ன் படிவங்கள் இரண்டிலும் இந்தப் பட்டியல் கிடையாது. சம்பளம், வட்டி மட்டும் உள்ளவருக்கு ஐ.டி.ஆர்.-2.

இப்போதுள்ள படிவப்படி இந்தப் பட்டியல் கேட்பது நிதியாண்டை இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரையான காலண்டர் ஆண்டை. முன்பு சொன்ன உதாரணத்தில் 35 நாள் விடுமுறைக்காரர் 2028 ஏப்ரலில் முழு உள்நாட்டுவாசி ஆகிறார். அவர் காட்டவேண்டியது 2028 ஜனவரியிலிருந்து இருந்த கணக்குகளை. மார்ச்சில் முடித்தால் போதும் என்று நினைத்தால் பட்டியலில் மாட்டும். அவர் கணக்கை முடிக்கவேண்டிய கடைசி நாள் 2027 டிசம்பர் 31.

படிவம் கேட்பவை: வங்கியின் பெயர், முகவரி, கணக்கு எண், திறந்த தேதி, அந்த ஆண்டில் இருந்த அதிகபட்ச இருப்பு, டிசம்பர் 31 அன்று இருப்பு, மொத்த வட்டி. ரூபாயாக மாற்ற அந்தந்த நாளுக்கான ஸ்டேட் பேங்க் டி.டி. (TT) பையிங் ரேட், அதாவது வெளிநாட்டு நாணயத்தை அந்த வங்கி வாங்கும் விலை. முதல் படியில் ஸ்டேட்மென்ட்டும் கடிதமும் வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டம், 2015-இன் கீழ் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் போட முடியும். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை. அபராதம் இல்லை என்பதால் எழுதவேண்டாம் என்று ஆகிவிடாது. கடமை அப்படியேதான் இருக்கிறது.

7. அங்கே வரி பிடித்திருந்தால்

அமீரகத்திலும் சவுதியிலும் சம்பளத்துக்கோ வங்கி வட்டிக்கோ தனிநபர் வருமான வரி இல்லை. அதனால் முழு உள்நாட்டுவாசி ஆன பிறகு அந்த வட்டிக்கு இங்கே முழு வரியும் கட்டவேண்டும். கழித்துக்கொள்ள எதுவும் இருக்காது. வரி பிடிக்கும் நாட்டில் கணக்கு இருந்தால், பிடித்த வரியை இங்கே கழிக்கலாம். அதற்கான படிவத்தை (2025-26 வருமானத்துக்குப் படிவம் 67), வரி பிடித்த சான்றோடு இணையத்தில் பதிவேற்றவேண்டும்.

ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை போடலாம். வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் 5,000 ரூபாய், இல்லையென்றால் 1,000 ரூபாய் தாமதக் கட்டணம்.

ஆடிட்டரிடம் போகும்போது நாள் எண்ணிய தாளையும் ஸ்டேட்மென்ட்டுகளையும் கையில் கொண்டுபோங்கள். கட்டணத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். சாதாரண சம்பள ரிட்டர்னைவிட இதற்குக் கூடத்தான் கேட்பார்கள், அது நியாயமும்கூட. "நான் இந்த வருஷம் ஆர்.என்.ஓ.ஆர்.-ஆ?" என்று கேளுங்கள். உங்கள் தாளைப் பார்க்காமலேயே பதில் சொன்னால் வேறு ஆடிட்டரைப் பாருங்கள். ரிட்டர்ன் சமர்ப்பிக்குமுன் வசிப்பு நிலை எழுதிய பக்கத்தை நீங்களே திறந்து பார்த்து, பிறகு ஓ.டி.பி. கொடுங்கள்.